பாஸ்வேர்டு விதிகள் யாருக்கு உதவுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், மாங்கூழ் ஆலைகளில் கணக்கு எழுதுபவர்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள், கிராமத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் பெண்கள் என்று பலரும் வந்து படிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான சந்தேகம் ஒன்று உண்டு. "கேபிடல் எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயம்னு திரையில வருதே, அப்படிப் போட்டா யாராலும் திறக்க முடியாதா சார்?" வகுப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

ப்ரூட் ஃபோர்ஸ் என்றால் என்ன?

சூட்கேஸில் மூன்று சக்கர எண் பூட்டு இருக்கும். எண் மறந்துவிட்டால் 000, 001, 002 என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்போம். மொத்தம் 1,000 எண்கள். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றாலும் முக்கால் மணி நேரத்துக்குள் பெட்டி திறந்துவிடும். இதுதான் ப்ரூட் ஃபோர்ஸ். சாத்தியமான எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. அதையே கணினி அசுர வேகத்தில் செய்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மொத்தம் எத்தனை சாத்தியங்கள் என்பது. இரண்டாவது கேள்வி, ஒரு முயற்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது.

விதி போட்டால் உடைப்பது கடினமாகுமா, எளிதாகுமா?

வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் எளிதாகிறது. எந்த விதியாக இருந்தாலும் சரி.

வகுப்பில் இதை நான்கு இலக்க பின் நம்பரை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். இப்போது "ஒரே இலக்கம் இரண்டு முறை வரக்கூடாது" என்று ஒரு விதி. கேட்டதும் பாதிப் பேர் "பாதுகாப்பு கூடுது" என்று கை தூக்குவார்கள். போர்டில் எழுதிப் பார்ப்போம். முதல் இடத்துக்குப் பத்து வாய்ப்பு, அடுத்ததற்கு ஒன்பது, அடுத்து எட்டு, அடுத்து ஏழு. பெருக்கினால் 5,040. பத்தாயிரத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விட்டது. 1111, 2244, 7077 எதையும் திருடன் இனி தொட்டுப் பார்க்கவே வேண்டாம், அவை கிடையாது என்று நாமே சொல்லிவிட்டோம். ஆறு இலக்கத்தில் இன்னும் மோசம். 10,00,000 இருந்த இடத்தில் 1,51,200 மட்டுமே மிஞ்சும்.

விதி என்பது கதவைப் பற்றித் தெருவில் நின்று உரக்கச் சொல்லும் தகவல். வீட்டுக்காரர் காதில் விழுவது திருடன் காதிலும் விழுகிறது.

எட்டு எழுத்து பாஸ்வேர்டில் இது எவ்வளவு குறைக்கிறது?

இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள்.

ஆங்கில விசைப்பலகையில் சின்ன எழுத்து 26, கேபிடல் 26, எண் 10, இடைவெளி உட்பட குறிகள் 33. ஆக 95. விதியே இல்லாமல் எட்டு இடங்களை நிரப்பினால், 95-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். சுமார் 6,634 லட்சம் கோடி வருகிறது.

இப்போது "நான்கு வகையிலும் ஒன்றாவது வேண்டும்" என்கிறது விதி. எண்ணே இல்லாதவை எல்லாம் வெளியே. அவை மட்டுமே சுமார் 2,725 லட்சம் கோடி. சின்ன எழுத்து இல்லாதவை 514, கேபிடல் இல்லாதவை இன்னொரு 514, குறி இல்லாதவை 218 லட்சம் கோடி. இரண்டு வகையிலும் தள்ளுபடியானவற்றை இருமுறை கழித்திருப்போம், அவற்றைத் திரும்பக் கூட்டிச் சரிசெய்தால் மிஞ்சுவது சுமார் 3,026 லட்சம் கோடி. அதாவது நூற்றுக்கு 54 போய்விட்டது.

நேரமாக மாற்றிப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 4090 என்பது வீடியோ கேம் விளையாட விற்கப்படும் ஒரு கிராபிக்ஸ் கார்டு. பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், அரைத்து உருமாற்றிச் சேமிப்பதை ஹாஷ் என்பார்கள். எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையில் அந்தக் கார்டு விநாடிக்குச் சுமார் 16,400 கோடி பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். விதி இல்லாத எட்டு எழுத்துகளை முழுக்கத் துழாவ 11 மணி நேரம். விதி போட்ட பிறகு 5 மணி நேரம். ஒரே ஒரு கார்டில்.

பாதிக்கு மேல் போய்விட்டதே, இது பெரிய ஆபத்தா?

உண்மையைச் சொன்னால், இல்லை. பாதியாவது என்றால் கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் எங்கிருந்தாவது தற்செயலாக எடுத்த ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் சாத்தியங்கள் 95 மடங்காகின்றன. பாதி இழந்து 95 மடங்கு பெறுவது லாபம்தான். விதியை எதிர்ப்பவர்கள் சிலர் இந்த 54 சதவீதத்தை மட்டும் காட்டி அலறுவதை நான் ஏற்பதில்லை.

பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விதிக்கு மனிதர்கள் எப்படிக் கீழ்ப்படிகிறார்கள் என்பதில்.

அதென்ன, எப்படிக் கீழ்ப்படிகிறோம்?

புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு பாஸ்வேர்டை மனதில் உருவாக்கச் சொல்வேன். பிறகு, யாரும் சொல்லாமலே நான் ஊகிப்பேன்: "முதல் எழுத்து கேபிடல். நடுவில் ஒரு பெயர். கடைசியில் எண். அதற்கு முன்னாலோ பின்னாலோ அட் குறி." பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கேபிடல் கேட்டால் முதலில் வைக்கிறோம், வாக்கியத்தை அப்படித்தான் தொடங்கப் பழகியிருக்கிறோம். எண் கேட்டால் கடைசியில் ஒட்டுகிறோம். குறி கேட்டால் மின்னஞ்சலில் தினமும் அடிக்கும் அட் குறிதான் விரலுக்கு வருகிறது.

அந்த வார்ப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு கேபிடல், நான்கு சின்ன எழுத்து, இரண்டு எண், ஒரு குறி. எட்டு எழுத்து சரியாக இருக்கிறது, விதியும் திருப்தி, திரையில் பச்சைக் கோடு. சாத்தியங்கள் மொத்தம் சுமார் 3,920 கோடி. மேலே சொன்ன கார்டுக்கு அது கால் விநாடி வேலை. காகிதத்தில் 3,026 லட்சம் கோடி இருந்தது, நடைமுறையில் அதில் 77,000-இல் ஒரு பங்குக்குள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். உடைக்க வருபவன் 000-இலிருந்து தொடங்குவதில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் தேடுகிறான்.

அந்த ஐந்து எழுத்தும் தற்செயலாக வருவதில்லை, அது மகள் பெயர். எண் பெரும்பாலும் வண்டி எண். நம் பக்கத்தில் தர்மபுரி வண்டிக்கு 29, கிருஷ்ணகிரிக்கு 24, ஓசூருக்கு 70 என்று எல்லோருக்கும் தெரியும். பின்கோடு 635001, 636701 வேறு இருக்கின்றன. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் "எங்க மொழி வார்த்தை யாருக்கும் தெரியாது" என்று நம்புகிறார்கள். அந்தச் சொற்களையும் கணினியின் சொற்பட்டியலில் ஏற்றிக்கொள்ள முடியும்.

நிஜமாகவே இப்படித் திறந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன், திறந்ததும் நாங்கள்தான். ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று இறந்துபோனார். சீசன் உச்சத்தில், கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கிற நேரம். எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுக்க ஒரு எக்ஸெல் கோப்பில், அதற்குப் பாஸ்வேர்டு. ஆலைக்காரரும் கணக்கரின் மனைவியும் சேர்ந்தே மையத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

எக்ஸெல் பயன்படுத்தும் மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டும் முறை, ஏஇஎஸ். ஒவ்வொரு ஊகத்தையும் ஒரு லட்சம் சுற்று ஹாஷ் செய்த பிறகே அது சரிபார்க்கும். சாதாரணக் கணினியில் எல்லாவற்றையும் போட்டுத் துழாவ எங்கள் ஆயுள் போதாது. நான் கேட்டது ஒரே கேள்வி: "ஆபீஸ்ல பாஸ்வேர்டுக்கு என்ன விதி?" கேபிடல், எண், குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார் ஆலைக்காரர். அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதர் மாதத்தின் பெயரைத்தான் வைப்பார். பன்னிரண்டு மாதம், முழுப் பெயரோ முதல் மூன்று எழுத்தோ, மூன்று ஆண்டுகளில் ஒன்று, ஆண்டு இரண்டு இலக்கமோ நான்கோ, வழக்கமான ஐந்து குறிகள். பெருக்கினால் 720. கையாலேயே அடிக்கத் தொடங்கினோம். டீ வருவதற்குள் திறந்துவிட்டது.

அந்த அம்மா அழுதுவிட்டார். எனக்கும் மனம் சரியாக இல்லை. ஏஇஎஸ் உடையவில்லை, அதன் பக்கமே நாங்கள் போகவில்லை. விதியை எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். அந்த விதிதான் எங்களுக்கு வழிகாட்டியது.

அப்படியானால் ஏஇஎஸ் 128, 256 என்று சொல்வதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்லை. ஏஇஎஸ் 128-இன் சாவிகள் எத்தனை என்றால் 2-ஐ 128 முறை பெருக்க வேண்டும், 39 இலக்க எண் வரும். அத்தனையையும் துழாவ எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஆனால் அந்தச் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. 3,920 கோடி பாஸ்வேர்டுகளில் ஒன்றை வைத்தால், உங்கள் சாவியும் 3,920 கோடியில் ஒன்றுதான்.

சாவியே சின்னதாக இருந்த காலமும் உண்டு. டிஇஎஸ் என்ற பழைய முறையில் சாவி 56 பிட், அதாவது 2-ஐ 56 முறை பெருக்கினால் வரும் அளவு சாவிகள்தான். 1998-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்குக் குறைவான செலவில் ஒரு இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. பழைய பிடிஎஃப் கோப்புகளில் 40 பிட் சாவி. அதற்கு நீங்கள் ஒரு பாட்டு நீளத்துக்குப் பாஸ்வேர்டு வைத்தாலும் பயனில்லை, சாவிகள் மொத்தமே சுமார் 1.1 லட்சம் கோடிதான்.

விதியால் எதிரி பலன் பெற்ற கதை வரலாற்றில் உண்டா?

இரண்டாம் உலகப் போரில் ரகசியச் செய்தி எழுத ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா இயந்திரம். ஐந்து சக்கரங்களில் மூன்றை எடுத்து வரிசையாகப் பொருத்த வேண்டும், அதற்கு 60 வழிகள். சாவிப் பட்டியல் தயாரித்தவர்கள் "நேற்று இருந்த இடத்தில் இன்று அதே சக்கரம் வரக்கூடாது" என்று ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். அடிக்கடி மாறினால் நல்லது என்ற எண்ணம்தான். நேற்றைய வரிசை தெரிந்துவிட்டால் இன்றைக்கு 60 வேண்டாம், 32 போதும். இங்கிலாந்தில் ரகசியச் செய்திகளை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள். நம் பின் நம்பர் கணக்கும் இதுவும் ஒன்றேதான்.

விதியை வெளியில் சொல்லாமல் வைத்தால்?

பதிவு செய்யும் பக்கத்தில் காட்டாமல் எப்படி வைப்பது? தவறான பாஸ்வேர்டைப் போட்டால் அதுவே சொல்லிக்கொடுக்கும். எதிரிக்கு எல்லாம் தெரியும், சாவி மட்டும் தெரியாது என்று வைத்துக்கொண்டே அமைப்பை வடிவமைக்க வேண்டும் என்று மறையாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார்.

"குறைந்தது 8 எழுத்து" என்ற விதியும் சாத்தியங்களைக் குறைக்கிறது அல்லவா?

குறைக்கிறது, ஆனால் அற்பம். ஒன்று முதல் ஏழு எழுத்து வரை உள்ள எல்லாப் பாஸ்வேர்டுகளையும் கூட்டினாலும், எட்டு எழுத்தில் உள்ளவற்றின் நூறில் ஒரு பங்குதான். அந்தச் சின்னத் தொகையை விட்டுக்கொடுத்து, "123" வைக்கும் பழக்கத்தைத் தடுக்கிறோம். விதிகளில் நான் மனமார ஆதரிப்பவற்றில் இது ஒன்று. எட்டைப் பன்னிரண்டாக்கினால் இன்னும் மகிழ்ச்சி. சின்ன எழுத்துகள் மட்டுமே கொண்ட தற்செயலான 12 எழுத்து, நான்கு வகையிலிருந்தும் விதியின்றி எடுத்த 8 எழுத்தைவிட 14 மடங்கு பெரியது. அதே கார்டு, அதே எம்டி5-இல் 11 மணி நேரம் ஆன இடத்தில் கிட்டத்தட்ட ஏழு நாள் ஆகும். 16 எழுத்தானால் 8,000 ஆண்டுகளைத் தாண்டும்.

"அதிகபட்சம் இத்தனை எழுத்து" என்ற விதி?

இதுதான் எனக்குக் கோபம் வரும் விதி. நீளம்தான் பலம் என்னும்போது அதற்கே வேலி போடுகிறார்கள்.

பழைய விண்டோஸில் எல்எம் ஹாஷ் என்று ஒன்று இருந்தது. 14 எழுத்துக்கு மேல் ஏற்காது. சின்ன எழுத்தையெல்லாம் கேபிடலாக மாற்றிவிடும். அதோடு நிற்காமல், 14-ஐ ஏழு ஏழாக இரண்டு துண்டாக வெட்டித் தனித்தனியே சேமிக்கும். அதனால் 14 எழுத்துப் பாஸ்வேர்டை உடைக்க வேண்டியதில்லை, ஏழு எழுத்தில் இரண்டை உடைத்தால் போதும். ஒரு துண்டுக்குச் சுமார் 7.4 லட்சம் கோடி சாத்தியங்கள்தான், விதி போட்ட எட்டு எழுத்தின் 3,026 லட்சம் கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் அது தானாக இயங்குவது நின்றது. பழைய யூனிக்ஸில் முதல் எட்டு எழுத்துக்குப் பிறகு அடிப்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

ஏடிஎம்முக்கு நான்கு இலக்கம் போதும் என்கிறார்களே?

போதும், ஏனென்றால் சில தவறுகளுக்குப் பிறகு கார்டு முடக்கப்படுகிறது. அங்கே திருடனுக்குப் பத்தாயிரம் முயற்சி கிடைக்காது. கோப்பே அவன் கைக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. பென்டிரைவில் உள்ள பிடிஎஃப், எக்ஸெல், ஜிப் எதுவானாலும் "மூன்று முறை தவறு, நாளை வாருங்கள்" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இரவெல்லாம் முயலலாம். இந்தப் பக்கத்தில் உள்ள கணக்குகள் எல்லாம் அந்த நிலைமைக்கானவை.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே, அதை யாரும் திறக்க முடியாதுதானே?

இ-சேவை மையம் நடத்தும் சகோதரிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இ-ஆதாரின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே வார்ப்பு: பெயரின் முதல் நான்கு எழுத்து கேபிடலில், பிறகு பிறந்த ஆண்டு. எட்டு எழுத்து, கேபிடல் இருக்கிறது, எண் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் நான்கு எழுத்துக்கு 4,56,976 வழிகள், நூறு ஆண்டுகள், ஆக 4.57 கோடி. அதுகூட உங்களைத் தெரியாதவருக்கு. பெயர் தெரிந்தவருக்கு நூறு முயற்சி. முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கத் தெரிந்தவருக்குப் பத்து. பெரும்பாலும் கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரை எழுதிச் சேமிக்கிறோம் வேறு. இ-பான் பிடிஎஃப்புக்குப் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. நூறு ஆண்டுகளுக்கு 36,525 நாட்கள், அவ்வளவே.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் ஆதாரைத் திறக்க வேண்டுமே என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் அதைப் பூட்டு என்று நம்பிவிடக் கூடாது. அச்செடுத்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள். எங்கே போதுமோ அங்கே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். நம்மை நம்பித்தான் அவர்கள் விரலை வைக்கிறார்கள்.

வைஃபைக்கு என் செல் நம்பரை வைத்திருக்கிறேன். பத்து இலக்கம், போதாதா?

போதாது. வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். நம் நாட்டுச் செல் எண்கள் 6, 7, 8, 9-இல் ஒன்றில்தான் தொடங்கும், அதனால் மொத்தம் 400 கோடி. உங்கள் போன் வைஃபையோடு இணையும் தருணத்தில் காற்றில் போகும் தகவலைப் பக்கத்துத் தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நிதானமாகச் சோதிக்கலாம். முன்பு சொன்ன கார்டு இந்த வேலையில் விநாடிக்குச் சுமார் 25 லட்சம் சோதிக்கும். 400 கோடிக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. கடை போர்டிலேயே அந்த நம்பர் எழுதியிருந்தால் அந்த அரை மணியும் வேண்டாம்.

வைஃபைக்கு 25 லட்சம், எம்டி5-க்கு 16,400 கோடி. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நல்ல கேள்வி. வைஃபையில் ஒவ்வொரு ஊகத்தையும் 4,096 சுற்று ஆட்டுரலில் அரைத்த பிறகே சாவி வருகிறது. உங்களுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். கோடிக்கணக்கில் முயல்பவனுக்குப் பெரும் பாரம். 1999-இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மசியேர் இருவரும் வெளியிட்ட பீகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் இந்தச் சுற்றை நாமே கூட்டிக்கொள்ளலாம். சுற்றுகளைத் தீர்மானிக்கும் செலவு அளவை 12 என்று வைத்தால் அந்தக் கார்டு விநாடிக்கு 1,400 பக்கம்தான் சோதிக்கும். எம்டி5-இல் சின்ன எழுத்து எட்டைத் துழாவ ஒன்றேகால் விநாடி. இங்கே அதே எட்டுக்கு நாலரை ஆண்டுக்கு மேல். 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷ் முறைகளுக்கான போட்டியில் வென்ற ஆர்கான்2 நினைவகத்தையும் நிறையத் தின்னும், அதனால் கிராபிக்ஸ் கார்டுகள் திணறும்.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். பயனர் தலையில் ஐந்து விதிகளைச் சுமத்துவதற்கு முன், நீங்கள் எந்த ஹாஷில் சேமிக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தச் சுமை முதலில் உங்களுடையது.

தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைக்கலாமா?

ஆசையான கேள்வி, எனக்கும் பிடித்தது. தமிழில் 247 எழுத்துகள். தற்செயலாக எடுத்த எட்டுத் தமிழ் எழுத்துகள், 95 எழுத்து விசைப்பலகையின் எட்டைவிட சுமார் 2,000 மடங்கு பெரிய வெளி. பல தளங்கள் ஏற்காது, அது ஒரு குறை. ஏற்கும் இடத்திலும் இரண்டைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கணினி நம்மைப் போல எழுத்தை எண்ணாது. "தர்மபுரி" நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் த, ர, புள்ளி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி என்று எட்டுக் குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். பீகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தர்மபுரியை மூன்று முறை எழுதினாலே 72 நிறைந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் என்ன எழுதினாலும் வீண். ஆங்கில எழுத்துக்கு 72 இடம் கிடைக்கிறது, தமிழுக்கு 24 குறியீடு. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் நம் மொழிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு, "கொ" என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் பதிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. சில மென்பொருள்கள் இரண்டையும் ஒரே வடிவமாக்கிய பிறகே ஹாஷ் செய்கின்றன. அப்படிச் செய்யாததில், வீட்டுக் கணினியில் வைத்த "கொடி" செல்போனில் திறக்காமல் போகலாம். மறையாக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் கதவு திறக்காது. ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளைத் தவிர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மற்றபடி வேண்டாம். கேபிடல், எண், குறி, குறித்த கால மாற்றம் எல்லாம் பரவ முக்கியக் காரணம் அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி. 2017-இல் அதே நிறுவனம் அவற்றைக் கைவிடச் சொன்னது. எழுதிய பில் பர் அதற்காக வருந்துவதாகவும் அந்த ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். பழைய பழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் தொடர்கிறது.

அந்த 2017 வழிகாட்டியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஏற்கெனவே கசிந்த, எல்லோரும் வைக்கும் பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு மறுப்பது. 2009-இல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அப்படிப்பட்டவற்றை மறுத்தால் சாத்தியங்கள் குறைவது கடலில் ஒரு சொட்டு. பலன் மலையளவு.

சரி, எப்படித்தான் வைப்பது?

நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டை தேர்ந்தெடுக்கட்டும்.

அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995-இல் ஒரு முறை சொன்னார்: ஆறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுப்பது. எங்கள் மையத்தில் இதைத் தாயக்கட்டையில் செய்கிறோம். கட்டைக்கு நான்கு முகம். ஒரு கட்டையை ஐந்து முறை உருட்டினால் 1,024 வழிகள். பிள்ளைகளே உட்கார்ந்து 1,024 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பட்டியலிட்டார்கள்: கம்மங்கூழ், நுங்கு, சுண்டைக்காய், தூளி என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான் என்று முடிவு செய்தோம், "ழ"வுக்கு எதை அடிப்பது என்று பின்னால் குழம்பக் கூடாதல்லவா. பட்டியல் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆறு சொல் எடுத்தால் விதி போட்ட எட்டு எழுத்தைவிட 380 மடங்கு. ஏழு சொல் எடுத்தால் எம்டி5 போன்ற பலவீனமான முறையிலும் ஒரு கார்டுக்கு 228 ஆண்டு. கட்டை ஒரு பக்கம் சாயாத நல்ல கட்டையாக இருக்கட்டும். பிடிக்காத சொல் விழுந்தால் மீண்டும் உருட்டக் கூடாது. உருட்டினால் மறுபடியும் தேர்ந்தெடுப்பது நீங்களாகிவிடுவீர்கள்.

ஒகேனக்கல், அதியமான், தகடூர் என்று நீங்களாகப் பொறுக்கிய சொற்கள் அழகாக இருக்கும். நம் ஊரை அறிந்தவர் முதலில் ஊகிப்பதும் அவற்றைத்தான்.

அந்த ஏழு சொல்லைத் தளம் ஏற்க மறுக்கிறது. கேபிடல் இல்லை, எண் இல்லை என்கிறது.

முன்னால் ஒரு கேபிடல், பின்னால் ஓர் எண், ஒரு குறி ஒட்டிவிடுங்கள். அதில் பலம் இருப்பதாக எண்ண வேண்டாம், அது வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு. பலம் சொற்களில் இருக்கிறது.

12 எழுத்துக்கு மேல் போகாதே என்றால், பாஸ்வேர்டுகளை உருவாக்கிச் சேமித்து வைக்கும் மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜரையே உருவாக்கச் சொல்லுங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட தற்செயலான 12, நம் தாயக்கட்டைச் சொற்கள் ஏழையும் தாண்டி இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கும். ஞாபகம் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம்.

காகிதத்தில் எழுதி வைத்தால் தப்பா?

வீட்டில், பூட்டிய பீரோவில், தப்பில்லை. ரஷ்யாவிலிருந்து கோப்பை உடைக்க முயல்பவன் உங்கள் பீரோவைத் திறக்க வரமாட்டான். மானிட்டரில் ஒட்டுவதும், கீபோர்டுக்கு அடியில் செருகுவதும் வேண்டாம்.

அந்தக் கணக்கரின் மனைவி இப்போது அதே ஆலையில் கணக்கு எழுதுகிறார். என் மையத்துக்கு வந்து தாயக்கட்டையைத் தானே உருட்டி ஏழு சொல் எடுத்தார். ஒரு பள்ளி நோட்டுத் தாளில் எழுதி, நிலப் பட்டா வைத்திருக்கும் உறைக்குள் போட்டார். "எனக்கு ஏதாவது ஆனா பையன் எடுத்துக்குவான் சார்" என்றார். பையன் பத்தாவது படிக்கிறான்.